ஊற்றுக்கு நூறு அடி

மழை முகம் கண்டு நாலு மாதமான ஒரு காட்டில், ஓடையெல்லாம் வற்றி ஒரே ஒரு ஊற்று மட்டும் மிச்சமிருந்தது. விடிய விடிய ஊறினால் நாலு குடம் தண்ணீர் தெளிவாக நிற்கும். அவ்வளவுதான்.

அதை யார் முதலில் குடிப்பது? அதற்கு அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது, குழந்தைகளே. கோடை பிறந்ததும், விழுந்து கிடந்த ஒரு வேங்கை மரத்தை விலங்குகள் ஒவ்வொன்றாக முட்டித் தள்ள வேண்டும். யார் அதிக தூரம் தள்ளுகிறாரோ அவருக்குத்தான் முதல் வாய்த் தண்ணீர். "பலசாலிதானே எப்படியும் முதலில் போய்ச் சேருவான், எதற்கு வீண் ஓட்டம்?" என்று யாரோ எந்தக் காலத்திலோ சொல்லிவைத்தது.

வருஷா வருஷம் ஜெயித்தது பாறையன் என்ற காட்டெருமை. பொல்லாதது இல்லை, பெருமை பிடித்தது. ஊற்றுக்குள் நாலு காலையும் வைத்துக்கொண்டுதான் குடிக்கும். அது வெளியே வந்த பிறகு உள்ளே கிடப்பது சேறு.

அந்தச் சேற்றை உறிஞ்சிக்கொண்டு கிடந்தது செம்பி என்ற கேளையாடு. ஆடு என்று பேர்தானே தவிர, அது ஒரு சின்ன மான். குட்டி போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. நல்ல தண்ணீர் இல்லாமல் மடியில் பால் சுண்டிக்கொண்டே வந்தது. குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அப்படியே சுருண்டு படுத்துவிடும்.

பத்தாம் நாள் செம்பி போய்ப் பாறையன் முன்னால் நின்றது.

"மாமா, ஒரு சந்தேகம். நாம் ஊற்றைத் தள்ளப் போகிறோமா, ஊற்றுக்குப் போகப் போகிறோமா?"

"இதென்ன கேள்வி அம்மணி? போகத்தான்."

"அப்படியென்றால் போவதில் அல்லவா பந்தயம் வைக்க வேண்டும்? மருத மரத்தடியில் நின்று புறப்படுவோம். நூறு அடிதானே இருக்கும். ஊற்றை யார் முதலில் தொடுகிறாரோ, இந்தக் கோடை முழுதும் அவருக்கு முதல் வாய்."

மரத்தின் மேலே பேன் பார்த்துக்கொண்டிருந்த குரங்கு எட்டிப் பார்த்தது. "அக்கா, மாமாவின் ஒரு தொடைக்குள் உன்னைப்போல நாலு பேர் அடங்குவார்கள்."

"ஆறு பேர்," என்று திருத்தியது பாறையன். அந்தக் குஷியில் ஒத்துக்கொண்டும்விட்டது. "நாளைக் காலை. காட்டுச்சேவல் கூவினால் புறப்பாடு."

அன்று பகல் முழுவதும் பாறையன் தின்றது. மூங்கில் குருத்து, புல், நெல்லிக்காய், கண்ணில் பட்டதெல்லாம்.

"மாமா, வயிறு தரையைத் தொடுகிறது," என்றது குரங்கு.

"உனக்கென்ன தெரியும்? தின்றால் பலம். பலம் ஏறினால் வேகம்."

செம்பி அளவாக நாலு வாய் தின்றுவிட்டு, அந்த நூறு அடியையும் மூன்று தரம் நடந்து பார்த்தது. நடுப்பாதை நல்ல அகலம், ஆனால் மெத்தை மெத்தையாக மூங்கில் சருகு. காலை வைத்தால் வழுக்கியது. ஓரமாக ஒரு ஒற்றையடித் தடம், முழுக்கச் சரளைக்கல். குளம்பை ஊன்றிப் பார்த்தது. பிடித்தது.

மறுநாள் விடிந்தது. "யாருக்கு எந்தப் பாதை?" என்று கேட்டது சேவல்.

"பெரிய பாதை மாமாவுக்குத்தான்," என்றது செம்பி.

"அதுதானே மரியாதை," என்று நடுவில் போய் நின்றது பாறையன்.

சேவல் கூவியது.

பாறையன் இருந்த பலத்தையெல்லாம் பின்னங்கால்களில் போட்டு ஒரே உந்தாக உந்தியது. சருகு பறந்ததே தவிர உடம்பு நகரவில்லை. இன்னும் ஓங்கி உந்தியது. இன்னும் அதிகச் சருகு பறந்தது.

"மாமா, ஓட்டமா, உழவா?" என்றது குரங்கு.

செம்பியோ முதலில் குட்டிக் குட்டி அடியாக, படபடவென்று எடுத்து வைத்தது. உடம்பு ஓட்டம் பிடித்ததும் அடியை நீட்டியது. அப்புறம்தான் தாவல். பாறையன் கால்களுக்கு மண் தட்டுப்பட்டபோது செம்பி பாதி தூரம் தாண்டியிருந்தது.

பிறகு பாறையனும் கிளம்பிவிட்டது. தரை அதிர்ந்தது. வேகம் பிடித்த பாறையனுக்கு முன்னால் அந்தக் காட்டில் யாரும் நிற்க முடியாது, அது உண்மை. ஆனால் வேகம் பிடித்தபோது பாதை முடிந்துபோயிருந்தது. செம்பியின் உதடு தண்ணீரில் இருந்தது. பாறையனால் நிற்கவும் முடியவில்லை. ஊற்றைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, ஒரு முள்ளுப் புதருக்குள் போய்த்தான் நின்றது.

காதில் கொடி தொங்கத் திரும்பி வந்தது. "அதோ அந்தக் குன்று வரைக்கும் வைத்திருந்தால் உன்னைத் தாண்டியிருப்பேன்."

"தாண்டியிருப்பீர்கள் மாமா, சந்தேகமே இல்லை. ஆனால் ஊற்று இங்கேதானே இருக்கிறது?"

பாறையன் குன்றையும் ஊற்றையும் மாறி மாறிப் பார்த்தது. அப்புறம் அதற்கே சிரிப்பு வந்துவிட்டது. "என் பலத்தில் நூறில் ஒரு பங்குகூட உனக்கு இல்லையே அம்மணி. எப்படி?"

"உங்கள் பலம் மலையளவு. அதில் பாதி உங்களைக் கிளப்பவே சரியாகப் போகிறது. மீதியைச் சருகு தின்றுவிட்டது. என் பலம் கொஞ்சம்தான். சுமக்க வேண்டிய உடம்போ அதைவிடக் கொஞ்சம்."

சொல்லிவிட்டுக் கரையில் நின்றபடியே கழுத்தை நீட்டிக் குடித்தது. இரண்டு கை அளவுதான் குறைந்தது. "வாருங்கள் மாமா. கரையிலேயே நின்று குடியுங்கள், கலங்காது."

பாறையன் குடித்தது. நிமிர்ந்து, நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டு மறுபடி குனிந்து குடித்தது. "இந்தத் தண்ணி இத்தனை ருசியா?" என்றது. இத்தனை வருஷமும் அதுவும் சேற்றைத்தானே குடித்திருந்தது.

பத்து நாள் ஆனது. செம்பியின் குட்டி பால் குடித்த வாயோடு பாறையனின் கால்களுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓடியது. அதை மிதித்துவிடக் கூடாதென்று அந்தப் பெரிய உடம்பு அசையாமல் நின்றது.

நீதி: பலம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காதே, அது எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது என்றும் பார்.