பதினேழு நிமிடம் பின்னால் ஓடிய கடிகாரம்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடனுக்கு நாற்பத்தொன்று. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதிக் கதையில் வந்து, "என்னங்க இது, தலைகீழா இருக்கே" என்று யாரும் கேட்கக்கூடாது பாருங்கள்.

குருவின் பெயர் நிறைமதி. திருநெல்வேலிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் சாட்சியச் சட்டம் நடத்துகிறவர். சீடனின் பெயர் இருதயராஜ். பதினைந்து வருடம் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், ஒருநாள் வேலையை உதறிவிட்டு வந்து இரட்டைப் பட்டப் படிப்பில் சேர்ந்தார். தகவல் தொழில்நுட்பம் ஒன்று, சட்டம் ஒன்று. ஐந்து வருடத்தில் இரண்டும் கையில். இப்போது நான்காம் வருடம். கம்ப்யூட்டர் வகுப்புப் பிள்ளைகள் அவரை 'வக்கீல் மாமா' என்றார்கள். சட்ட வகுப்புப் பிள்ளைகள் 'கம்ப்யூட்டர் மாமா' என்றார்கள். மாமா என்பதில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே கருத்து.

அன்று பிற்பகல் அவர் நிறைமதியின் அறைக்குள் வந்தபோது கையில் ஒரு படிவம் இருந்தது.

"கையெழுத்து வேணும் மேடம்."

நிறைமதி வாங்கிப் படித்தார். இரண்டில் ஒரு பட்டத்தை விட்டுவிடுகிறவர்கள் தரவேண்டிய படிவம். 'நான் கைவிட விரும்பும் பட்டம்' என்பதற்கு எதிரே கோடு காலியாக இருந்தது.

"எதுன்னு எழுதலையே?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன். ரெண்டுல எதை விடட்டும்? நாளைக்குச் சாயங்காலம் நாலு மணியோட கெடு முடியுது."

"என்ன நடந்துச்சு?"

இருதயராஜ் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

பல்கலைக்கழகத்தின் இலவச சட்ட உதவி மையத்துக்கு பேச்சியம்மாள் என்று ஓர் அம்மா வந்திருந்தார். டவுனில் ஒரு பெண்கள் விடுதியில் பதிமூன்று வருடமாகச் சமையல். போன மாதம் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நடுச்சாமம் ஒன்று பத்துக்கு ஸ்டோர் ரூமிலிருந்து மூட்டை தூக்கிக்கொண்டு போனார் என்பது குற்றச்சாட்டு. கேமராவில் அவர் முகம், இடுப்பில் மூட்டை, மூலையில் நேரம், மூன்றும் பளிச்சென்று இருந்தன. "அது காலையில கொட்டுற காய்கறிக் குப்பை ஐயா" என்று அவர் அழுதது யார் காதிலும் ஏறவில்லை. விடுதியில் நடக்கும் விசாரணையில் அவருக்குத் துணையாகப் பேச இருதயராஜை அனுப்பினார்கள்.

படத்தின் நகலைப் பார்த்த பத்தாவது நிமிடம் இருதயராஜ் துள்ளிக் குதித்தார். பேச்சியம்மாளுக்குப் பின்னால் ஒருவர் பால் டிரே இறக்கிக்கொண்டிருந்தார். நடுச்சாமம் ஒன்று பத்துக்கு எந்த ஊரில் பால் வருகிறது? கேமராப் பெட்டி கம்பெனியிலிருந்து வந்த நாள்முதல் கிரீன்விச் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. நம்முடைய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். படத்தில் ஒன்று பத்து என்றால் இங்கே காலை ஆறு நாற்பது!

"பிரமாதம்," என்றார் நிறைமதி. "அப்புறம்?"

"அப்புறந்தான் மேடம் எல்லாம் நாசமாப் போச்சு."

பதினைந்து வருட லேப் பழக்கம் சும்மா விடுமா? தப்பைக் கண்டால் அந்தக் கைக்கு அரிப்பெடுத்துவிடும். நகலில் இருந்த நேரத்தை ஆறு நாற்பது என்று அழகாகத் திருத்தி, பென் டிரைவில் போட்டு, அன்று காலை விசாரணை அதிகாரியிடம் பெருமையாக நீட்டிவிட்டார்.

விடுதியின் வக்கீல் இரண்டு படத்தையும் ஓடவிட்டுக் காட்டினார். "எங்க படத்துல ஒண்ணு பத்து. இவங்க படத்துல ஆறு நாப்பது. யாருங்க மாத்தினது?"

"நான்தான் சரி பண்ணினேன்," என்றார் இருதயராஜ்.

அவ்வளவுதான். படத்தைத் திருத்திக் கொண்டுவந்த பக்கம் சொல்வதை எப்படி நம்புவது என்று அதிகாரி பேனாவை மூடிவிட்டார். மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கடைசி அமர்வு.

"அந்தம்மா என்னைத் திட்டக்கூட இல்ல மேடம். 'பரவாயில்ல சார், நீங்க நல்லதுதான் நெனச்சிய'ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிப் போயிட்டாங்க."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"ஒழுங்கா சட்டம் படிச்சவன் அதைத் தொட்டிருக்க மாட்டான். கம்ப்யூட்டர் மட்டும் படிச்சவன் அங்க போயிருக்கவே மாட்டான். நான் ரெண்டுங்கெட்டானா நிக்கிறேன். ஒண்ணை வெட்டி விட்டாத்தான் உருப்படுவேன். முடிவு பண்ணியாச்சு. எதுன்னு மட்டும் சொல்லுங்க."

நிறைமதி சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

"மணி என்ன?"

"மூணு இருபது." இருதயராஜ் பழக்கதோஷத்தில் கைபேசியையும் எடுத்துப் பார்த்தார். "இல்லையே, மூணு முப்பத்தேழு. உங்க கடிகாரம் பதினேழு நிமிஷம் லேட் மேடம்."

சொல்லி முடிப்பதற்குள் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறிவிட்டார். இப்போதுதான் கண்ணைத் துடைத்தார் மனுஷன், அதற்குள் பாருங்கள்!

"கை வைக்காதீங்க."

ஏறிய இடத்திலேயே நின்றார்.

"இறங்குங்க. ஒரு தாள் எடுங்க. பார்த்ததை அப்படியே எழுதுங்க."

இருதயராஜ் எழுதினார். இந்த அறையின் சுவர்க் கடிகாரம் இன்று 3.20 காட்டியபோது என் கைபேசியில் 3.37. வித்தியாசம் பதினேழு நிமிடம்.

"பிழையைக் கண்டவர் யாரு?"

'பிழையைக் கண்டவர்: இருதயராஜ்' என்று எழுதினார்.

"இது உண்மைன்னு உறுதி சொல்றவர் யாரு? நாளைக்குக் கேள்வி வந்தா எழுந்து நிக்கப்போறவர்?"

"அதுவும் நான்தானே மேடம்?"

"அப்ப அதையும் எழுதுங்க."

'உறுதி சொல்பவர்: இருதயராஜ்.' அடியில் கையெழுத்து. கூட இருந்து பார்த்தவர் என்று நிறைமதியும் கையெழுத்துப் போட்டார். தாளைக் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டச் சொன்னார்.

"இப்ப மணி என்ன?"

சுவரில் மூன்று முப்பது. தாளில் பதினேழு.

"மூணு நாப்பத்தேழு."

"கடிகாரத்தைத் தொட்டீங்களா?"

"இல்ல மேடம்."

இருதயராஜ் கடிகாரத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது.

"அந்தக் கேமராப் பெட்டி இப்பவும் தப்பாத்தான் ஓடுதா?" என்று கேட்டார் நிறைமதி.

"ஆமா மேடம்."

"யாரும் சரி பண்ணிடலையே?"

இருதயராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யய்யோ! காலையில நான்தான் வார்டன்கிட்டச் சொல்லிட்டு வந்தேன். ஆளைக் கூப்பிட்டு முதல்ல அதைச் சரி பண்ணுங்கன்னு!"

"அப்ப இங்க எதுக்கு நிக்கிறீங்க?"

நிறைமதி படிவத்தை மேசை டிராயருக்குள் போட்டு மூடினார். அவர் நிமிர்ந்து பார்த்தபோது அறையில் ஆள் இல்லை.

பெண்கள் விடுதி அல்லவா, விசாரணை இல்லாத நேரத்தில் ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். அன்று சாயங்காலம் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கே இருதயராஜ் வந்து கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். டீ குடிக்கக்கூட நகரவில்லை. பேச்சியம்மாள் வந்தார், அவரும் பக்கத்தில் நின்றார். பத்தரைக்குத்தான் உள்ளே விட்டார்கள்.

வார்டன் அறையில் கேமராப் பெட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, பின்வாசல் வழியாக வந்த ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். திரையில் நேரம் மாற்றுகிற பக்கம் திறந்திருந்தது. கை மவுஸில்.

"கை வைக்காதீங்க!"

இருதயராஜ் போட்ட சத்தத்தில் வார்டன் கையிலிருந்த காபி சேலையில் கொட்டியது. மெக்கானிக் திருதிருவென்று விழித்தார்.

"டைம் தப்பா ஓடுது, சரி பண்ணச் சொன்னாங்க சார்."

"தப்பாவே இருக்கட்டுங்க! இன்னும் ஒரு மணி நேரம் தப்பாவே இருக்கட்டும், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

சத்தம் கேட்டு விசாரணை அதிகாரி வந்தார். விடுதியின் வக்கீலும் பின்னாலேயே வந்தார்.

"என்ன கூத்து இது?" என்றார் அதிகாரி.

"ஐயா, நேத்து நான் குடுத்த பென் டிரைவைத் திருப்பி வாங்கிக்கிறேன். அதுல நேரத்தை நான் மாத்தினேன். மாத்தியிருக்கக் கூடாது. அது முழுக்க என் தப்பு, இந்தம்மாவுக்கு அதுல சம்பந்தமே இல்ல."

வக்கீல் சிரித்தார். "அவரே ஒத்துக்கிட்டாரே சார். முடிச்சிரலாமே?"

"முடிங்க. அதுக்கு முன்னாடி ஐயா ஒரே ஒரு தடவை உங்க வாட்சைப் பாருங்க."

அதிகாரி பார்த்தார். பத்து நாற்பது. இருதயராஜ் பேச்சியம்மாளைப் போய் ஸ்டோர் ரூம் வாசலில் கேமராவுக்குக் கீழே நிற்கச் சொன்னார். திரையில் பேச்சியம்மாள் வந்து நின்றார். மூலையில் ஐந்து பத்து.

"இந்தம்மா இப்ப அங்க நிக்கிறது விடியக்காலம் அஞ்சு பத்துக்கா ஐயா?"

வக்கீல் குனிந்து திரையைப் பார்த்தார். தன் வாட்சையும் ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"உங்களை நம்பறதுக்கில்ல," என்றார் அதிகாரி, இருதயராஜிடம். "என் வாட்சை நம்பறேன். எழுதுங்க."

இருதயராஜ் எழுதினார். வாட்சில் 10.40, பெட்டியில் 5.10, வித்தியாசம் ஐந்தரை மணி. கண்டவர் பெயர், உறுதி சொல்பவர் பெயர், கையெழுத்து. அதிகாரி கையெழுத்துப் போட்டார், வார்டனையும் போடச் சொன்னார். பிறகு விடுதியே கொடுத்த, யாரும் தொடாத படத்தை மறுபடி ஓடவிட்டார்கள். ஒன்று பத்திலிருந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்த அதிகாரி ஆறு நாற்பதில் நிறுத்தினார்.

"இந்தப் பால்காரர் எத்தனை மணிக்கு வருவார்மா?"

"ஆறரைக்கு மேல சார்," என்றார் வார்டன். குரல் உள்ளே போயிருந்தது.

"இதைத்தானய்யா ஒரு மாசமாச் சொல்லுதேன்! குப்பைய்யா அது, குப்பை!" என்று பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அதிகாரி எழுதினார். திங்கட்கிழமை வந்துவிடும்படி வார்டன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இருதயராஜ் நிறைமதியின் அறைக்கு வந்தபோது சுவரில் மூன்று முப்பது. தானாகவே பதினேழைக் கூட்டிக்கொண்டார்.

"வேலை கெடச்சிருச்சு மேடம், அந்தம்மாவுக்கு."

"சந்தோஷம்."

"கெடுவுக்கு இன்னும் பதிமூணு நிமிஷம் இருக்கு. நேத்து நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல."

நிறைமதி அவரையே பார்த்தார்.

"இந்த ஒரு தடவை தப்பிச்சேன். ஒவ்வொரு தடவையும் யாராவது எனக்குக் கடிகாரம் காட்டிக்கிட்டு இருப்பாங்களா? ஒரு கை திருத்தச் சொல்லுது, ஒரு கை தடுக்குது. ரெண்டையும் வச்சுக்கிட்டு எப்படி மேடம் வாழறது? எதை விடட்டும், சொல்லுங்க."

"விடுதியில எழுதின தாள் இருக்கா?"

நகலை எடுத்துக் கொடுத்தார். நிறைமதி முழுவதும் படித்தார். டிராயரிலிருந்து படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"பிழையைக் கண்டவர், இருதயராஜ். உறுதி சொல்பவர், இருதயராஜ்." பேனா முனை இரண்டு பெயருக்கும் நடுவில் வந்து நின்றது. "இதுல எந்த இருதயராஜை அடிச்சு விடட்டும்?"