பூச்சியத்தில் நிற்கும் முள்

திண்டுக்கல்லில் வண்டிகளின் வேகம் காட்டும் மீட்டர்களைப் பழுது பார்க்கும் ஜமீலாவுக்கு ஒரு சீடர் இருந்தார். ஆசிரியைக்கு வயது முப்பத்து மூன்று. சீடர் சிங்கராயருக்கு ஐம்பத்தேழு.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் வேலைநிறுத்தம் செய்ததற்காக அவரையும் இன்னும் பத்துப் பேரையும் மில் நிர்வாகம் வெளியே தள்ளியது. வேறு மில்கள் அவரைச் சேர்க்கவில்லை. எல்லா மில்லிலும் அவர் பெயர் தெரிந்திருந்தது. கடைசியில் ஜமீலாவிடம் வந்து மீட்டர் வேலை கற்றார்.

போன வாரம் தீர்ப்பு வந்தது. பதினோரு பேரும் மீண்டும் வேலைக்குப் போகலாம். வேலைநிறுத்தத்தின்போது மில் வாசலில் போலீஸ் பறித்துப்போன தொழிற்சங்கத்து மோட்டார் சைக்கிளும், ஸ்டேஷன் பின்புறத்து முள்ளுக்காட்டிலிருந்து திரும்பி வந்தது. எஞ்சினை மெக்கானிக் உயிர்ப்பித்துவிட்டார். மீட்டர் மட்டும் சிங்கராயர் கையில் இருந்தது.

இன்று காலை பத்து மணிக்கு அந்த வண்டியில் அவர் முன்னே போக, மற்றவர்கள் பின்னால் நடந்து மில்லுக்குள் நுழைவதாக ஏற்பாடு.

எட்டரை ஆகியும் மீட்டர் சரியாகவில்லை. முகப்பைத் துடைத்து, எண்களுக்கு வெள்ளை தீட்டி, முள்ளை மிகச் சரியாகப் பூச்சியத்தின் மேல் மாட்டியிருந்தார். டிரில் மிஷினில் இணைத்து ஓட்டினால் முள் நாற்பதுக்கு ஏறியது. மிஷினை நிறுத்தினால் பதினைந்தில் நின்று தள்ளாடியது.

"நல்லா குடிச்சிருக்கு போல" என்றாள் ஜமீலா.

சீடர் சிரிக்கவில்லை. மீட்டரை மேசைமேல் வைத்தார்.

"நான் போகல, வாத்தியாரம்மா. கூட வர்ற பத்துப் பேர்ல சவரியப்பன் ஓட்டட்டும்."

"ஏன் தோழரே?"

"ஓய்வு பெற எட்டு மாசம் இருக்கு. எட்டு மாசத்துக்கு ஒரு ஊர்வலமான்னு டீக்கடையில என் மச்சானே சிரிக்கிறான். அவன் கேக்குறதும் நியாயம்தான். பத்தொன்பது வருஷம் அந்த வாசல்ல கொடியோட நின்னோம். ஒரு அடி உள்ள போனோமா? அப்படி நின்னதுக்கு என்ன பேரு?"

ஆசிரியை அலமாரியிலிருந்து ஓடுகிற நிலையில் இருந்த வேறொரு மீட்டரை எடுத்துக் கண்ணாடியைக் கழற்றினாள். முள் பூச்சியத்தில், ஒரு சின்னக் கம்பியை ஒட்டி அசையாமல் நின்றது.

"அந்தக் கம்பியைப் பிடுங்குங்க."

"நல்ல மீட்டராச்சே!"

"பிடுங்குங்கன்னா."

குறடால் பிடுங்கினார். முள் சட்டென்று பூச்சியத்தைத் தாண்டிக் கீழே பாய்ந்து, இரண்டு விரற்கடை தள்ளி நின்றது.

"யாராவது தள்ளினோமா?" என்றாள்.

"இல்ல. உள்ள இருக்கிற சுருள்வில் இழுத்திருக்கு."

"எப்பலேர்ந்து?"

சீடர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டின நாள்லேர்ந்து."

"அது பூச்சியத்துல நிக்கிறதைப் பார்த்து, உங்க மச்சான் என்ன சொல்லியிருப்பாரு?"

சிங்கராயர் தன் மீட்டரை இழுத்து வைத்துக்கொண்டார். முள்ளைக் கழற்றினார். இந்த முறை பூச்சியத்துக்கு இரண்டு விரற்கடை கீழே மாட்டி, மெல்லத் தூக்கிக் கம்பிக்கு மேலே விட்டார். முள் கம்பியை அழுத்திக்கொண்டு நின்றது. டிரில்லில் ஓட்டினார். நாற்பது. நிறுத்தினார். முள் ஒரே வீச்சில் இறங்கிக் கம்பியில் மோதியது.

"சட்டையை மாத்துங்க" என்றாள் ஆசிரியை. "அந்த வண்டியை உதைச்சுக் கிளப்ப சவரியப்பனுக்குக் கால் எட்டாது."

பத்து மணிக்கு மில் வாசலில் நானூறு பேர் இருந்தார்கள். பறையும் வெடியுமாகத் தெருவே அதிர்ந்தது. காவலாளி சின்னக் கதவை மட்டும் திறந்து, "வண்டி வெளியே நிக்கட்டும். ஆளுக்கொருத்தரா உள்ள வாங்க" என்றார்.

சிங்கராயர் இறங்கவில்லை. எஞ்சினை நிறுத்தவும் இல்லை.

"பெரிய கேட்டு வழியாத்தான் வெளியே தள்ளினாங்க. அது வழியாத்தான் வருவோம்."

கூட்டம் அந்த வார்த்தையை முழக்கமாக்கியது. கால் மணி நேரம் விடாமல் முழங்கியது. பிறகு பெரிய கேட்டின் இரண்டு கதவும் கிறீச்சிட்டுக்கொண்டு விலகின. வண்டி நகர்ந்தது. பின்னால் பத்துப் பேரும் கைகோத்து நடந்தார்கள்.

ஓரமாக நின்று ஊர்வலத்தைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த போலீஸ்காரர், பக்கத்தில் நின்ற ஜமீலாவிடம் சொன்னார்:

"அஞ்சு கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது போலிருக்கே. இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"அஞ்சுதான்" என்றாள் ஆசிரியை. "உள்ளே போறார். எழுதிக்குங்க."