செம்பரிதி வைக்காத பெயர்

என்னை முதலில் கெடுத்தவர் தலைவர் செம்பரிதி. மற்றவர்கள் எல்லாம் அவருக்குப் பிறகுதான்.

இதைக் கஞ்சி மடத்து அம்மாவிடம் சொன்னேன். அவர் அடுப்பின் முன் நின்று கஞ்சி கிளறிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்தார்?"

"என் மகளுக்குப் பெயர் வைப்பதாகச் சொன்னார். வைக்கவில்லை."

அம்மா ஒரு குவளையில் கஞ்சி ஊற்றி என் கையில் கொடுத்தார்.

"சூடு. பார்த்துக் குடிங்க."

முதல் நாள் அவ்வளவுதான்.

அம்மா என்னைவிட முப்பது வயது சிறியவர். சாயம் போன பச்சைப் புடவை, ஒட்ட வெட்டிய தலைமுடி. ஊர் ஊராக ஆட்கள் வந்து அவரிடம் கேள்வி கேட்பார்கள். பாதிப் பேருக்குப் பதில் கிடைக்கும். கஞ்சி எல்லாருக்கும் கிடைக்கும்.

மறுநாளும் போனேன். அடுப்படியில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன்.

நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் நான் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றவன். என் மனைவி தையல்நாயகிக்கு எட்டாவது மாதம். அப்போது இடைத்தேர்தல் வந்தது. செம்பரிதி எங்கள் சந்தைத் திடலில் பேசினார்.

எங்கள் பக்கத்தில் தலைவர்கள் மேடையில் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பது வழக்கம். தாய் பிள்ளையை நீட்டுவாள். தலைவர் கையில் வாங்கி, மைக்கில் பெயரைச் சொல்லுவார். கூட்டம் கைதட்டும். அதன் பிறகு அந்தப் பெயரைத் தாத்தா வந்தாலும் மாற்ற முடியாது.

அன்று செம்பரிதிக்கு நேரமில்லை. அடுத்த முறை வருகிறேன், எல்லாப் பிள்ளைகளுக்கும் நானே பெயர் வைக்கிறேன், அதுவரை வேறு யாரும் வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் 'பெண் குழந்தை' என்று எழுதினார்கள். பெயர் போடும் இடத்தைக் காலியாக விடச் சொன்னேன். பதினாறாம் நாள் சொந்தக்காரர்கள் வந்தார்கள். தொட்டில் கட்டினோம், பெயர் வைக்கவில்லை. என் மாமனார், உன் தலைவன் வந்து தாலாட்டும் பாடுவானா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனார்.

செம்பரிதி ஜெயித்தார். மந்திரியானார். எங்கள் ஊர் வழியாக இரண்டு தடவை காரில் போனார். இரண்டு தடவையும் பிள்ளையோடு ரோட்டில் நின்றேன். கண்ணாடி ஏற்றியிருந்தது.

ஒரு வயதும் ஏழு மாதமும் ஆனபோது மகள் காய்ச்சலில் போய்விட்டாள். சுடுகாட்டுப் பதிவுப் புத்தகத்தில் என்ன பெயர் என்று கேட்டார்கள். அங்கேயும் காலியாகவே விடச் சொன்னேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை.

அதன் பிறகு செம்பரிதியை ஒரே ஒரு தடவை பக்கத்தில் பார்த்தேன். தோளில் கை போட்டு, எந்த ஊர் என்று கேட்டார். நான் ஊரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கை அடுத்தவன் தோளில் இருந்தது.

இவ்வளவையும் கேட்ட அம்மா அடுப்பில் ஒரு விறகை உள்ளே தள்ளினார்.

"நாற்பத்தோரு வருஷம். இப்போ ஏன் வந்தீங்க?"

"மனைவி படுத்துவிட்டாள். மூச்சு வாங்குகிறது. டாக்டர் நாள் குறிக்காத குறைதான். நான் போறதுக்குள்ள உங்க வாயால நம்ம பொண்ணுக்கு ஒரு பேரு வச்சிடுங்க என்று கேட்கிறாள்."

"வையுங்க."

"அது செம்பரிதி வைக்க வேண்டிய பெயர்."

"அவர் செத்து ரெண்டு வருஷமாச்சே."

"அதனால்தான் உங்களிடம் வந்தேன். செத்தவரிடமிருந்து எப்படி வாங்குவது?"

அம்மா வெங்காயக் கூடையை என் பக்கம் நகர்த்தினார். இரண்டாம் நாள் வெங்காயத்தை உரித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். தையல்நாயகி என் முகத்தைப் பார்த்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் நான் வாய் திறக்கும் முன்னே அம்மா கேட்டார்.

"அந்தப் பேச்சு உங்களுக்கு நினைவிருக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அது நாடறிந்த பேச்சு. 'சந்தைத் திடல் உரை' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். கேசட்டாக வந்தது. டீக்கடைகளில் பத்து வருஷம் ஓடியது. நானும் ஒன்று வாங்கினேன். எந்த இடத்தில் பொய் சொன்னார் என்று கண்டுபிடிக்கத்தான் வாங்கினேன். நாடா அறுந்து போகும்வரை கேட்டேன்.

"ஒரு எழுத்து விடாமல் தெரியும்."

"அப்படியே பேசுங்க."

"இங்கேயா?"

"இங்கேதான். ஏறி நில்லுங்க."

மாவு அரைக்கும் பெரிய கல் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதைக் காட்டினார்.

ஏறி நின்றேன். கஞ்சிக்கு உட்கார்ந்திருந்தவர்கள் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். பெரிசு எந்தக் கட்சி என்று ஒருவன் கேட்டான். டெபாசிட் கட்டியாச்சா என்று இன்னொருவன் கேட்டான். சிரித்தார்கள்.

துண்டை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினேன். செம்பரிதி அப்படித்தான் தொடங்குவார். பிறகு ஒன்றும் பேசாமல் நிற்பார். கூட்டம் அடங்கும்வரை நிற்பார். நானும் நின்றேன்.

சிரிப்பு நின்றது.

"இந்தத் திடலில் ஆயிரம் பேர் இருக்கிறீர்கள்" என்றேன். "நான் ஒருவனைத்தான் பார்க்கிறேன்."

அந்த இடத்தில் அவர் மூச்சு விடுவார்.

"உன்னைத்தான்."

குவளைகள் கீழே இறங்கின. என் குரல் எனக்கே கனமாகக் கேட்டது.

"உன்னை இந்த நாட்டில் எவனாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டானா? டேய் என்றான். மூட்டை என்றான். கூலி என்றான். பெற்றவள் வைத்த பெயர் உனக்கே மறந்து போயிற்று. போகட்டும். உன் தோளில் காய்த்ததை நான் பார்த்துவிட்டேன். அது உன்னோடு முடியும்."

டெபாசிட் கேட்டவன் எழுந்து நின்றுவிட்டான். தன் வலது தோளைத் தடவிக்கொண்டிருந்தான். மீன்கூடை வைத்திருந்த ஒரு கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உன் பிள்ளையை இந்த நாடு பெயர் சொல்லிக் கூப்பிடும். கலெக்டர் கூப்பிடுவான். நீதிபதி கூப்பிடுவான். எழுந்து நின்று கூப்பிடுவான். அந்தப் பெயரை நான் வைப்பேன்."

அப்போது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். செங்கல் சூளையில் வேலை செய்பவள். முடியெல்லாம் செம்மண் தூசி. கையில் ஒரு கைக்குழந்தை. நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. கல்லுக்குக் கீழே வந்து, அந்தக் குழந்தையை என் கையில் வைத்தாள்.

"நீங்களே வையுங்க ஐயா. ரெண்டு மாசம் ஆச்சு. இன்னும் வைக்கல."

குழந்தை சூடாக இருந்தது. நெற்றியில் பெரிய கறுப்புப் பொட்டு. பெண் குழந்தை.

ஐம்பது முகமும் என்னைப் பார்த்தன. என் வாழ்நாளில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

வாயைத் திறந்தேன். பேச்சின் அடுத்த வரி தானாகவே வந்தது.

"அடுத்த முறை வருகிறேன். ஒவ்வொரு பிள்ளையாக என் கையில் வாங்குகிறேன். அதுவரை வேறு எவரும் பெயர் வைக்க வேண்டாம்."

அந்தப் பெண் கும்பிட்டாள். சரி ஐயா என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் சொன்னதை அவள் அப்படியே செய்வாள் என்று எனக்குத் தெரிந்தது. காலி இடம் விடச் சொல்லுவாள். ரோட்டில் நிற்பாள்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அடுத்த முறைன்னா எப்போ ஐயா?"

குழந்தையோடு கல்லிலிருந்து இறங்கினேன்.

குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இப்போதே ஒரு பெயர் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். உடனே ஒரு பெயர் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. எங்கிருந்தோ வந்த பெயரில்லை அது.

வாயை மூடிக்கொண்டேன்.

"சொல்லுங்க ஐயா" என்றாள் சூளைக்காரப் பெண்.

"நான் சொல்ல முடியாதம்மா. அந்தப் பெயர் வேறு ஒருத்தியுடையது. உன் பிள்ளைக்கு நீயே வை. யாருக்காகவும் காத்திருக்காதே."

அவள் முகம் வாடியது. குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள். ஏமாற்றிவிட்டதாக நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

அம்மா கரண்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"யாருடையது?"

"என் மகளுடையது."

அவர் இன்றைக்குக் கஞ்சி வேண்டாம், பஸ்ஸைப் பிடியுங்கள் என்றார்.

பஸ்ஸில் எல்லாம் நினைவுக்கு வந்தது. செம்பரிதி வருவதற்கு மூன்று மாதம் முன்னால், பிள்ளை முதல் தடவை உதைத்த அன்று, தையல்நாயகி கேட்டாள். பெண்ணாகப் பிறந்தால் கோமளம் என்று வைப்போமா என்றாள். நானும் சரி என்றேன். திடலிலிருந்து திரும்பி வந்த அன்று அவளிடம் சொன்னேன்: கோமளம் பழைய பெயர், தலைவர் நல்ல பெயராக வைப்பார், இனி அதைச் சொல்லாதே. அவள் சொல்லவில்லை. நானும் அதன் பிறகு அந்தப் பெயரை நினைக்கவில்லை. கேசட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் வாசல்படியில் இருந்தது. தையல்நாயகி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கோமளம்" என்றேன்.

அவள் திரும்ப வெகுநேரம் ஆனது.

"உங்க வாயால கேட்டுட்டேன்" என்றாள். "போதும்."

"நான் வேண்டாம் என்று சொன்ன பெயர்தான். இத்தனை வருஷம் நீயாவது அதை எடுத்துச் சொல்லியிருக்கலாம்."

"உங்ககிட்ட சொல்லல. அவகிட்ட சொன்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "நீங்க ஆலைக்குப் போனதும் அப்படித்தான் கூப்பிடுவேன். பத்தொன்பது மாசம். கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பா."

"நான் கூப்பிட்டிருந்தால்?"

"பார்த்திருப்பா."

நாலாம் நாள் தையல்நாயகி போய்ச் சேர்ந்தாள். முகத்தில் குறை இல்லை.

பெயரை நான் வைத்துவிட்டேன். அதைச் செம்பரிதி இனி தர வேண்டியதில்லை.

மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தையல்நாயகிக்குப் பத்தொன்பது மாதம் இருந்தது. எனக்கு ஒரு நாள்கூட இல்லை.

அதை அவர் எனக்கு இன்னும் தரவேண்டும்.