ஒட்டிக்கொண்ட ஆப்பம்

ஜெயசீலி டீச்சரிடம் தொழில் கற்க வந்தபோது அரங்கநாதனுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஒரு பத்திரிகையின் விளம்பரப் பிரிவில் இருந்தவர். டீச்சர் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். கணக்கு டீச்சராக இருந்து, யூடியூபில் சமையல் சேனல் தொடங்கி, பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர். சமையல் வீடியோ போடும் பெண்களையும், அவர்களைக் கொண்டு பொருளை விற்க விரும்பும் கம்பெனிகளையும் சேர்த்து வைப்பது தொழில்.

ஐந்தாவது மாதம் முதல் சிக்கல் வந்தது.

கோவில்பட்டி செண்பகவல்லியின் சேனலில் ஒரு ரெடிமேட் ஆப்ப மாவுக்கு விளம்பரம். வீடியோவில் ஆப்பம் ஓரம் முறுகி, நடுவில் பஞ்சு மாதிரி வந்தது. வாங்கியவர்கள் வீட்டில் சட்டியோடு ஒட்டிக்கொண்டது. ‘அக்கா, உங்களை நம்பித்தானே வாங்கினேன்’ என்று நானூறு பேர் எழுதிவிட்டார்கள்.

கமெண்டை மூடச் சொன்னது கம்பெனி. சட்டியைச் சரியாகப் பழக்காதவர்களுக்குத்தான் ஒட்டுகிறது என்று செண்பகவல்லி ஒரு வீடியோ போட வேண்டுமாம்.

ஆறு வருஷமாக நடத்தும் சேனலையே மூடிவிடுகிறேன் என்றாள் செண்பகவல்லி.

டீச்சரும் அரங்கநாதனும் மதுரையில் கோவில்பட்டி பஸ் ஏறினார்கள்.

“மூணு அறிக்கை எழுதியிருக்கேன் டீச்சர். எதைப் போடறதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

“படிங்க.”

ஒன்றில் மாவின்மேல் பழி. ஒன்றில் மழைக்காலத்தின்மேல். மூன்றாவதில் யார்மேலும் இல்லை.

“உண்மையில என்ன நடந்தது சார்?”

அரங்கநாதன் கண்ணாடியைத் துடைத்தார். “வீடியோ எடுத்த அன்னிக்கு மூணு தடவை ஊத்தியும் கம்பெனி மாவு சரியா வரல. வெளிச்சம் போய்க்கிட்டிருந்தது. அந்தம்மாகிட்ட வீட்ல அரைச்ச மாவு இருந்தது. அதையே ஊத்துங்கன்னு நான்தான் சொன்னேன். எல்லாரும் செய்யறதுதானே?”

விருதுநகர் தாண்டியதும் டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

“நான் சேனல் தொடங்கினப்போ பாக்கறவங்க அறுபத்து மூணு பேர். எல்லார் பேரும் தெரியும். தூத்துக்குடி பிரமிளா ரெண்டு நாள் வரலைன்னா, ஏன் வரலைன்னு எழுதிக் கேப்பேன். மாமியாருக்குக் கண் ஆபரேஷன்னு பதில் போடுவா.”

“வகுப்புல ஆஜர் எடுக்கற மாதிரி.”

“ஆமா. முதல் விளம்பரம் ஒரு உள்ளூர்க் கம்பெனி மிக்சி. ஒரு தடவை சட்னி அரைச்சுட்டு அருமைன்னு சொல்லிட்டேன். மூணாம் நாள் புகைஞ்சது. புகையறதை அப்படியே படம் பிடிச்சு, அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்னு போட்டேன்.”

“எத்தனை பேர் போனாங்க?”

“பதினோரு பேர்.”

“கம்பெனி?”

“அதுவும் போச்சு.”

“மிச்சப் பேர் என்ன சொன்னாங்க?”

“கைல சுட்டுக்கிட்டீங்களான்னு கேட்டாங்க.”

டீச்சர் சிரித்தார். கொஞ்சம் கழித்து, “இப்ப மூணு லட்சம் பேர் இருக்காங்க. போன மாசம் கையில கட்டோடதான் வீடியோ எடுத்தேன். என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்கல” என்றார்.

செண்பகவல்லி கதவைத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“வாங்க அண்ணாச்சி. கமெண்ட் படிக்கறதுக்குன்னே எங்க மாமியார் புதுக் கண்ணாடி வாங்கியிருக்காங்க. சத்தமா வேற படிக்கறாங்க.”

அரங்கநாதன் தலை குனிந்தார்.

“பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு ஆப்பம் சுட்டு, சட்டியைச் சுரண்டிக்கிட்டு நின்னேன்னு ஒரு அம்மா எழுதியிருக்கு. அதுக்கு என்ன பதில் போட? நீங்களே சொல்லுங்க.”

அவர் கையிலிருந்த மூன்று தாள்களையும் பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“அந்த மாவு மிச்சம் இருக்கா?” என்றார் டீச்சர்.

அரைப் பாக்கெட் இருந்தது. டீச்சரே கரைத்தார். பொங்குவதற்குப் பாக்கெட்டில் போட்டிருந்த நேரம் முழுக்கக் காத்திருந்தார்கள். பிறகு அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியை ஏற்றினார்.

“நான் கேமரா முன்னால வர மாட்டேன் டீச்சர்” என்றாள் செண்பகவல்லி.

“நீ வர வேண்டாம்.”

அரங்கநாதன் வழக்கம்போலக் கேமராவுக்குப் பின்னால் போய் நின்று சட்டியைச் சட்டகத்துக்குள் கொண்டுவந்தார்.

“அப்ப நீங்க பேசறீங்களா டீச்சர்?”

டீச்சர் வந்து அவர் கையில் கரண்டியைக் கொடுத்தார்.

“நானா? நான் யாருன்னே அவங்களுக்குத் தெரியாதே.”

“மாவை மாத்தச் சொன்னது நான்தான்னு சொல்லிட்டு ஊத்துங்க சார்.”