நேமுழ என்றால் குதிரை

முன்னொரு காலத்தில் பூவந்தி நாட்டை மருதவாணன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். அவன் கையில் செங்கோல் இல்லாத நேரம் உண்டு. வாயில் தாம்பூலம் இல்லாத நேரம் கிடையாது.

அவனுடைய அவைப் பண்டிதர் வகுளாபரணர், உலகப் பொருள்களை இனம் பிரித்து, இனத்துக்கோர் எழுத்தாகக் கோத்து, ஒரு புதுமொழி செய்தார்.

"'நே' என்றால் உயிருள்ளது. 'மு' சேர்ந்தால் நாலு கால் உள்ளது. நேமுழ குதிரை, நேமுள கழுதை, நேமுல எருது. பெயரைக் கேட்டாலே குலம் தெரியும், அரசே. தமிழில் உண்டா இந்த ஒழுங்கு?"

அரசன் மயங்கினான். அரண்மனை ஆணைகள் யாவும் இனி அம்மொழியிலேயே என்று முரசறைவித்தான்.

அயல்நாட்டுத் தூதர் வந்திருந்த நாளில், பவனிக்கு நேமுழ கொண்டுவரப் பணித்தான். லாயக்காரன் வேம்பன் பட்டுச்சேணம் பூட்டி அழைத்து வந்தது கழுதையை. எருது என்று சொல்வாரும் உண்டு. கழுதை என்பதே பெருவழக்கு. தூதர் மீசைக்குள் சிரித்தார்.

"இவனை நாடு கடத்துங்கள்" என்றான் அரசன்.

"காதுல விழுந்ததைத்தான் செஞ்சேன், சாமி. பிள்ளைகுட்டிக்காரன்" என்று வேம்பன் காலில் விழுந்தான்.

"காதில்தான் பழுது. மொழியில் இல்லை" என்றார் பண்டிதர்.

அமைச்சர் கீரந்தையார் எழுந்தார். "இப்படியொரு மொழி செய்தவருக்கு இன்னும் பரிசு தராதது நம் குறை, அரசே. முதலில் தங்கள் கையால் தாம்பூலம் தாருங்கள்."

அரசன் தந்த தாம்பூலத்தை மறுப்பதும் அவையில் துப்புவதும் அவமரியாதை. பண்டிதர் கன்னம் புடைக்க வாங்கிக்கொண்டார்.

"இனி வேண்டியதை உங்கள் மொழியிலேயே கேளுங்கள், ஐயா. வேம்பா, காதில் விழுவதைக் கொண்டுவா."

பண்டிதர் சாறு சிந்தாமல் அண்ணாந்து, "நேமுழ" என்றார். அவைக்குக் கேட்டது "நேமுள". கழுதை வந்து நின்றது.

"குதிரையல்லவா கேட்டேன்" என்று பண்டிதர் பதறினார், தமிழில்.

"இது எல்லாருக்கும் விளங்கியது" என்றார் அமைச்சர். "உங்கள் மொழியில் குதிரையும் கழுதையும் உடன்பிறப்புகள், ஐயா. தமிழிலோ, வாய் நிறைய வெற்றிலையோடு 'களுதை' என்றாலும் அது கழுதைதான், ஒருநாளும் குதிரையாகாது."

பவனிக்கு ஆணையிட்டபோது வெற்றிலை எவர் வாயில் இருந்தது என்பதை அமைச்சர் சொல்லவில்லை. அரசன் எழுந்துபோய்ப் படிக்கத்தில் துப்பிவிட்டு வந்தான்.

"வேம்பா, லாயத்துக்குப் போ. பட்டுச்சேணம் உனக்கு. பண்டிதரே, கேட்டது வந்துவிட்டது, ஏறிக்கொள்ளும்."

பிறகு தன் பொன் வெற்றிலைப்பெட்டியை அமைச்சரிடம் நீட்டினான். "இது உம்மிடமே இருக்கட்டும், கீரந்தையாரே. நான் ஆணையிட்டு முடித்தபின் கொடும்."