கிழக்குக் காற்றும் பனைமரத்து முடிச்சும்

குளக்கரைப் பனையில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் தலைவன் பொன்முடி. எதிரே இலுப்பை மரப் பொந்தில் ஓர் ஆந்தை கலாசாலை நடத்தியது. காற்றும் மழையும் அங்கே பாடம்.

"இந்த ஆண்டு பெருங்காற்று கிழக்கிலிருந்து வரும்" என்று ஆந்தை கண்டறிந்தது. மாணவக் குஞ்சுகள் அதை மனப்பாடம் செய்தன.

கேட்டுக்கொண்டிருந்த மைனா பதறியது. "ஆந்தையாரே! குருவிக் கூடுகள் பனையின் கிழக்குப் பக்கம்தானே தொங்குகின்றன? போய்ச் சொல்லக் கூடாதா?"

"கண்டறிவதுதான் என் வேலை. வேண்டுமானால் அவர்கள் வந்து வகுப்பில் உட்காரட்டும்!"

மைனா பனைக்குப் பறந்தது. செய்தியைக் கேட்ட பொன்முடி சிரித்தது. "ஒரு நார் கிழித்தறியாத ஆந்தையா எனக்குப் பாடம் சொல்வது? எங்கள் முடிச்சு எந்தக் காற்றுக்கும் அவிழாது!"

"அந்த முடிச்சையாவது ஆந்தைக்குக் காட்டு, அண்ணே. பொந்தை மறைக்க அது கட்டும் தட்டி நிற்கவே மாட்டேன் என்கிறது."

"அது தொழில் ரகசியம்! வெளியே போகாது!"

ஐப்பசியில் காற்று வந்தது. கிழக்கிலிருந்தே வந்தது. பொன்முடியின் முடிச்சு அவிழவில்லை. ஆனால் கூடு தலைகீழாகச் சுழன்றது. முட்டைகள் வாசல் வழியே உருண்டு குளத்தில் விழுந்தன. எதிர்மரத்தில் ஆந்தை சரியான பக்கத்தில்தான் தட்டி வைத்திருந்தது. ஆனால் தட்டியின் முடிச்சு நழுவியது. தட்டி சரிந்து ஒரு குஞ்சின் சிறகு முறிந்தது.

விடிந்தது. பொன்முடியின் துணை குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆந்தை பனைக்கு வந்தது.

"நான் முன்பே வந்திருக்க வேண்டும்."

"வந்திருந்தால் விரட்டியிருப்பேன்" என்றது பொன்முடி.

"இன்னொரு காற்று வரும். மற்ற கூடுகளில் மிஞ்சிய முட்டைகளையாவது காப்பாற்றுவோம். கூட்டின் அடியையும் மட்டையோடு இழுத்துக் கட்டினால் சுழலாது. ஆனால் எனக்குக் கட்டத் தெரியாது."

 பொன்முடி நார் ஒன்றை எடுத்து, ஆந்தையின் கண்முன்னே மெதுவாக முடிச்சுப் போட்டது. "நன்றாகப் பார்த்துக்கொள். உன் குஞ்சுகளையும் கூப்பிடு!"

அடுத்த காற்றில் கூடுகள் ஆடின, சுழலவில்லை. தட்டியும் நின்றது. மிஞ்சிய முட்டைகள் பொரிந்தன. பொன்முடியின் கூடு மட்டும் வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது.

கற்கும் இடமும் தொழில் நடக்கும் இடமும் ஒன்றையொன்று தேடிப் போகாவிட்டால், இரண்டும் பாதி அறிவோடு நின்று முழு இழப்பைச் சுமக்க நேரும்.