சொரிமுத்து பெட்டி கட்டுன கதை

ஒரு ஊர்ல ஒரு ஆவுடத்தங்கம் இருந்தா. அவளுக்கு சொரிமுத்துன்னு ஒரு புருசன். பேச்சி, மாடன், இசக்கின்னு மூணு பிள்ளைய. மூணும் வாலில்லாத குரங்குக. உன்ன மாதிரின்னு வச்சுக்கோயேன். ம் கொட்டு, அப்பதான் சொல்லுவேன்.

ம்.

ஆவுடத்தங்கத்தோட தங்கச்சிய கன்னியாகுமரிப் பக்கம் கடக்கர ஊர்ல கட்டிக் குடுத்திருந்தாவ. அக்கா வா, அக்கா வான்னு அவளும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. ஆனா ஆவுடத்தங்கம் கடலப் பாத்ததே இல்ல. ஏன்னு கேளு. எப்ப ஊருக்குப் போவோம்னு கெளம்புனாலும் சொரிமுத்து பெட்டி கட்டுவான். அவன் கட்டி முடிக்கதுக்குள்ள லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்துரும்.

அந்த மனுசனுக்கு வாயத் தொறந்தா ஒரே பேச்சு. "அங்க கிடைக்காட்டா?" போர்வை வச்சான், அங்க கிடைக்காட்டா. சுத்தியல் வச்சான், கயிறு வச்சான், பிள்ளைக்கு மருந்து உரசுத கல்ல வச்சான். கக்கூஸ் வாளிய கவுத்தி வச்சான். கடக்கரைக்குப் போறவன் ஒரு பொட்டலம் உப்பும் வச்சான், பாத்துக்கோ.

அந்த ஊருக்கு ஒரு நாளைக்கு மூணே மூணு பஸ்ஸு. இந்தத் தடவ மொதப் பஸ்ஸுக்கு எல்லாரும் தலை சீவி, பவுடர் அப்பி, வாசல்ல நிக்காவ. சொரிமுத்து இன்னொரு தடவ பாத்துருவோம்னு பெட்டியத் தொறந்தான். கடைக்குட்டி இசக்கி, மெத்துன்னு இருக்கேன்னு உள்ள ஏறி உக்காந்தா. உக்காந்தவ சும்மா இருந்தாளா? சர்ர்ர்ர்ர். மடிச்சு வச்ச துணி பூராவும் போச்சு. அலசிக் காயப்போட்டு நிமிந்தா, பாம் பாம்னு பஸ்ஸு போயிருச்சு.

ம்.

அப்புறம் ரெண்டாவது பஸ்ஸு. காஞ்ச துணிய திரும்பத் திணிச்சா, இப்போ பெட்டி மூட மாட்டேங்குது. சொரிமுத்து மேல ஏறி உக்காந்தான், மாடன் குதிச்சான், ஆவுடத்தங்கம் முழங்காலு போட்டு அமுக்குனா. டிக்குன்னு பூட்டிக்கிச்சு. அப்பாடான்னு சொரிமுத்து எந்திரிச்சா, எந்திரிக்க முடியல. வேட்டி நுனி உள்ள மாட்டியிருக்கு. சாவி எங்க? பெட்டிக்குள்ள. பூட்ட ஒடைக்கச் சுத்தியல் எங்க? அதுவும் பெட்டிக்குள்ள.

வேட்டிய அவுத்துப் போட்டுட்டு எந்திரிங்கன்னு ஆவுடத்தங்கம் சொன்னா. அவன் பிள்ளையள ஒரு பார்வ பாத்துட்டு மெதுவாச் சொன்னான், "உள்ள ஒண்ணும் போடலட்டி."

பாம் பாம். ரெண்டாவது பஸ்ஸும் போச்சு.

அப்புறம் மத்தியானம் கடைசிப் பஸ்ஸு. தெருமுக்குல சத்தம் கேக்குது. சொரிமுத்து பெட்டிமேல சம்மணம் போட்டுக்கிட்டு, நாளைக்குப் போவோம், நிதானமாக் கட்டுவோம்னான். ஆவுடத்தங்கம் பிள்ளைய மூஞ்சியப் பாத்தா. பவுடரு வேர்வையில கரைஞ்சு ஓடுது. அவ தனியா பஸ்ஸு ஏறுனதே கிடையாது. நெஞ்சு படக் படக்னு அடிக்கி. ஆனாலும் இசக்கியத் தூக்கி இடுப்புல வச்சா.

"நீங்க பெட்டியோட இருங்க. நாங்க போயிட்டு வாரோம்."

"மாத்துத் துணி?"

"போட்டிருக்கதே போதும்."

"இசக்கிக்கு வயித்துக்கு வந்துட்டா?"

"வந்தா ரோட்டோரம் இருப்பா."

விறுவிறுன்னு போயி ஏறிட்டா.

ம் சொல்லு. தூங்கிட்டியோ?

ம்.

பஸ்ஸுல மாடன் உவ்வேன்னு பக்கத்துல இருந்த பெரிய மீசைக்காரரு மடியில கக்கிட்டான். அவளுக்கு உசிரே போச்சு. அவரு துண்ட எடுத்துத் தொடச்சுட்டு, பிள்ளைன்னா கக்கத்தான் செய்யும்னு பையில இருந்து எலுமிச்சம்பழம் எடுத்து மோந்து பாக்கக் குடுத்தாரு. அப்புறம் இசக்கி பசியில வீல்னு கத்துனா. கூடைக்கார ஆச்சி ஒருத்தி பனங்கிழங்க ஒடிச்சு நீட்டுனா. அப்புறம் பேச்சி, அம்மா ஒண்ணுக்கு முட்டுதுன்னு நெளிஞ்சா. கண்டக்டரு பீப்பீன்னு விசில ஊதி, ஒரு பனமரத்தடியில வண்டிய நிப்பாட்டுனாரு. அத்தன பேரும் பொறுமையா உக்காந்திருந்தாவ. அப்பதான் ஆவுடத்தங்கத்துக்கு நெஞ்சுப் படபடப்பு அடங்குச்சு. சன்னல் கம்பியில சாஞ்சு காத்து வாங்குனா.

இங்க வீட்டுல சொரிமுத்து. சத்தமே இல்ல. அடிக்கவும் ஆளில்ல, அதட்டவும் ஆளில்ல. பெட்டியும் அவனும்தான். காக்கா ஒண்ணு உள்ள எட்டிப் பாத்துட்டுப் போச்சு. எம்புட்டு நேரம்தான் உக்காந்திருப்பான்? டர்ர்ர்ர்னு கிழிச்சான் வேட்டிய. பாதி பெட்டியோட போச்சு, மீதிய இடுப்புல சுத்திக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனான். வாழைத்தாரு ஏத்திக்கிட்டு கன்னியாகுமரிக்கு ஒரு லாரி வந்துச்சு. தாரோட தாரா ஏறிக்கிட்டான்.

ம்.

பொழுது சாயுறதுக்கு முன்னால கடக்கரையில அவன் போயி எறங்குனா, பிள்ளைய மூணும் ஒட்டுத் துணி இல்லாம அலையில குதிச்சுக்கிட்டுக் கெடக்கு. ஆவுடத்தங்கம் மணல்ல காலை நீட்டி உக்காந்து, வச்ச கண்ணு எடுக்காம கடலப் பாத்துக்கிட்டே, தங்கச்சி குடுத்த மொளகாப்பொடி போட்ட மாங்காயக் கடிக்கா. சொரிமுத்துக்கு ஏசிருவோமான்னு வந்துச்சு. அவ மூஞ்சியப் பாத்ததும் வாய மூடிக்கிட்டான். கலியாணத்தன்னைக்குக்கூட அந்த மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசத்த அவன் பாக்கல.

பிள்ளையள ஆழத்துக்குப் போவாதியன்னு சொல்லத்தான் தண்ணிக்குள்ள எறங்குனான். சளார்னு ஒரு அலை. அரை வேட்டியும் போயே போச்சு. தொபுக்குன்னு கழுத்தளவு தண்ணியில உக்காந்துட்டான். பிள்ளைய சும்மா விடுமா? தோள்ல ஒண்ணு, தலையில ஒண்ணு, முதுகுல ஒண்ணு. மொதல்ல நெளிஞ்சான். அப்புறம் அவனும் சிரிக்க ஆரம்பிச்சுட்டான்.

கொஞ்சங்கழிச்சு கரையப் பாத்துக் கெஞ்சுனான், "ஏட்டி, ஒரு துணி கொண்டாட்டி."

ஆவுடத்தங்கம் மாங்கொட்டையச் சப்பிக்கிட்டே சொன்னா, "எல்லாம் பெட்டியில இருக்கு. ஆளு போன பொறவு வாங்க."

கரையில இருந்த சனமெல்லாம் ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போயிட்டாவ. இன்னும் ஒரே ஒரு ஆளுதான் முழிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கு. யாரு? நீதான். நீ கண்ண மூடுனாத்தான அந்த மனுசன் வெளிய வர முடியும், பாவம், வெறைச்சுப்போயி உக்காந்திருக்கான். மூடு. இன்னும் இறுக்க மூடு.

கதை அம்புட்டுதான். தூங்கு.